முப்பத்தொன்றாம் படுக்கை

போன மாதம் தர்ஷினி போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் என் வார்டில் வேலை பார்த்த நர்ஸ். இப்போதும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

"அக்கா, எங்களுக்கெல்லாம் மனநல வகுப்பு ஆரம்பிச்சிருக்காங்க. வாரம் ஒரு நாள் மூச்சுப் பயிற்சி, தியானம். போன்ல ஒரு ஆப் வேற ஏத்திவிட்டிருக்காங்க. 'இன்று நீங்கள் சிரித்தீர்களா?'ன்னு மத்தியானம் ஒரு மெசேஜ் வரும்."

"சிரிச்சியா?"

"மெசேஜ் வந்தப்ப ஒரு பாட்டிக்கு பெட்பேன் வச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. பாட்டிதான் சிரிச்சுச்சு."

விஷயம் இதுதான்: அந்த வகுப்பில் பழைய ஆட்கள் யாராவது வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார்களாம். இவள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பழைய ஆள் என்ற வார்த்தைக்காக அவளைக் கொஞ்ச நேரம் வறுத்தெடுத்தேன். பிறகு, மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன், நீயே வாசித்துக்கொள் என்றேன். ஒரு பக்கம் எழுதுவதாகத்தான் நினைப்பு. கை நிற்கவில்லை.

அந்த வகுப்பை நான் கேலி செய்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் நர்ஸுக்கு மனசு என்று ஒன்று இருப்பதாக மேலிடத்துக்குத் தகவலே போகவில்லை. இப்போது போயிருக்கிறது. சந்தோஷம்தான். தர்ஷினி அனுப்பிய மூச்சுப் பயிற்சியை நானும் வீட்டில் செய்து பார்த்தேன். பாதியிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். அதுவும் நல்லதுதானே.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் கஸ்தூரி. திருமங்கலம் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போட்ட குடும்பம். பெண்ணை நர்ஸ் படிப்புக்கு அனுப்ப வீட்டில் அரை மனசு. ஹாஸ்டல் சாம்பார், ஆரஞ்சுப் பழத்துக்கு ஊசி போட்டுப் பழகியது, முதல் ஆபரேஷனைப் பார்த்து மயங்கி விழுந்தது, பிறகு எழுந்து நின்றது, இவ்வளவுதான் படிப்புக் காலம். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, திருநகரில் வீடு பார்த்தோம். நான் உண்மையில் படித்தது பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில்தான். அங்கே முப்பது படுக்கைகள். இன்சார்ஜ் நாகரத்தினம் சிஸ்டர்.

சிஸ்டர் குள்ளம். மூக்கின்மேல் கனத்த கண்ணாடி. குரல் மட்டும் ஆறடி இருக்கும். யாரையும் நிற்க வைத்துத் திட்ட மாட்டார். ஸ்டூலைக் காலால் நம் பக்கம் நகர்த்தி, "உக்காரு, திட்டணும்" என்பார். நாம் உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பிப்பார். காலையிலிருந்து நின்ற கால்களுக்கு அந்தத் திட்டு கொஞ்சம் சுகமாகவே இருக்கும். என்னோடு சேர்ந்து அந்த வார்டுக்கு வந்தவள் ஜோதி. முகத்தில் ஒரு கோடு அசையாமல் மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். "இடுப்பு விட்டுப்போச்சுடி, திட்டு வாங்குற மாதிரி எதையாச்சும் செய்வமா?" என்று என் காதில் கேட்பாள்.

புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் சிஸ்டரின் கைக்கு ஈடு கிடையாது. அதிலும் சர்க்கரை நோயாளிகளின் கால் என்றால் மற்றவர்களைத் தொட விடமாட்டார். எடுத்த எடுப்பில் கட்டை அவிழ்க்க மாட்டார். நோயாளியின் முகத்துக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிப்பார். பேச்சு ஓடும்போதே ட்ரேயில் எல்லாம் இருக்கிறதா என்று கண் பார்த்துவிடும். பிறகு எழுந்து போய், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அவசரமே இல்லாமல் கை கழுவுவார். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருந்தால் அதன்மேல் சலைனை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். எங்களுக்குப் பொறுமை இருக்காது. "பிடுங்கினா உனக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். அவளுக்கு ஒரு வாரம் பின்னாடி போயிரும். நில்லு" என்பார். துணி ஊறித் தானாக நழுவி வரும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு பஞ்சுக்கு ஒரே இழுப்பு. கடைசியில் கால் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பார், குனிந்து முகர்ந்தும் பார்ப்பார். "கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சிரும்டி" என்று எங்களையும் குனியச் சொல்வார். எனக்கு முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

இனி தலைப்புக்கு வருகிறேன். பணி மாறும்போது ஒரு நர்ஸ் தன் நோயாளிகளை அடுத்து வரும் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். நாங்கள் அதை 'ஓவர் கொடுப்பது' என்போம். முதல் படுக்கையில் தொடங்கி ஒவ்வொரு நோயாளியின் அருகிலும் நின்று, பெயர், வயது, என்ன ஆபரேஷன், என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார், என்ன மருந்து பாக்கி என்று சொல்லிக்கொண்டே போவோம். முப்பதாம் படுக்கையோடு ஓவர் முடிந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இதுதான் வழக்கம்.

ஒருநாள் காலை, இரவு டியூட்டி பார்த்த பெண் ஒருத்தி இருபத்தெட்டாம் படுக்கைக்கு ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்துவிட்டாள். முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. அவளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டு சிஸ்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார். "முப்பது பேரு தின்னாங்களா தூங்குனாங்களான்னு ஒப்பிக்கிறீங்க. ஒப்பிக்கிறவ தின்னாளான்னு கேக்க ஆளில்லையா?"

அன்று மத்தியானமே சட்டம் போட்டுவிட்டார். முப்பதாம் படுக்கை முடிந்ததும் ஓவர் கொடுப்பவள் ஸ்டூலில் உட்கார வேண்டும். அவள்தான் முப்பத்தொன்றாம் படுக்கை. மற்ற நோயாளிகளுக்குச் சொன்ன அதே முறையில் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்குபவள் கேள்வி கேட்கலாம், சிரிக்கலாம், ஆனால் வெளியே போய்ச் சொல்லக் கூடாது. எங்கேயும் எழுதவும் கூடாது.

முதலில் எங்களுக்கு வெட்கம். வெட்கத்தை உடைத்தவள் ஜோதி.

"முப்பத்தொண்ணாம் பெட்டு. பேரு ஜோதி. கல்யாணமாகி ரெண்டு வருசம். காலையில இட்லிக்கு உப்புப் போடலைன்னு மாமியார் கச்சேரி ஒரு மணி நேரம். பிபி ஏறியிருக்கும், பாக்கல. வாய் வழியா போனது ரெண்டு வாய் உப்பில்லாத இட்லி. வெளிய போனது மூணு டம்ளர் கண்ணீரு, பாத்ரூம்ல வச்சு."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்வது போல் கம்பீரமாக உத்தரவு போட்டார். "பருத்திப்பால் ஒரு கப்பு, சூடா, வாய் வழியா, உடனே. மாமியாரைப் பத்தி வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே ஒரு தடவை, பொறுமையா. நாளைக்கு மறுபடியும் பாக்கலாம்." ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கும். நானே போய் வாங்கி வந்தேன், எனக்கும் ஒரு கப் சேர்த்து.

அதற்குப் பிறகு அது எங்களுக்கு வேடிக்கையும் விசேஷமுமாக ஆகிவிட்டது. யாருக்கு யார்மேல் கோபம், யாருக்குக் குழந்தை தங்கவில்லை, யாருக்கு அப்பா குடிக்கிறார், எல்லாம் முப்பத்தொன்றாம் படுக்கையில் வரும். மருந்து என்ன பெரிய மருந்து? ஒருத்தியின் டியூட்டியை இன்னொருத்தி மாற்றிக்கொள்வாள். ஒருத்தியை அரை மணி நேரம் துணி அலமாரி அறையில் படுக்க வைத்துவிட்டு, நாங்கள் அவள் பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்போம். என் வீட்டுக்காரர்கூடக் கற்றுக்கொண்டார். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கடைசிப் பெட்டு இன்னைக்கு எப்படி?" என்பார். "அபாயக் கட்டம்" என்று நான் சொன்னால் அன்று தோசை அவர் கையால்.

சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. தீக்காயத்தோடு வந்த ஒரு சின்னப் பெண் பல நாள் எங்களோடு இருந்தாள். ஒருநாள் காலை என் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று மத்தியானம் நான் ஸ்டூலில் உட்கார்ந்து, "நல்லா இருக்கேன். சாப்பாடு நார்மல்" என்றேன். சிஸ்டர் என்னை எழுந்திருக்க விடவில்லை.

"அந்தப் புள்ள செத்ததைத் தவிர, அவளைப் பத்தி வேற ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. என்ன சொல்ல? பிறகு ஞாபகம் வந்தது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஒருவருக்கு மீசை ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். அவர் போனதும் அந்தப் பெண், "அக்கா, மணி பத்து இருபதுக்கா" என்பாள், கடிகார முள்ளைச் சொல்வது போல. அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. இப்போது அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மீசைதான். அன்று சிஸ்டர் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

வருடங்கள் ஓடின. எனக்கும் ஜோதிக்கும் வேறு வார்டுகளுக்கு மாற்றல் வந்தது, சுற்றிச் சுற்றி மறுபடியும் அங்கேயே வந்து சேர்ந்தோம். சிஸ்டர் அதே நாற்காலியில் இருந்தார். இடையில் அவருடைய கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். செல்லூரில் தறிகளுக்கு நடுவே இருந்த சொந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். மாத்திரை போடுகிறேன் என்பார், நாங்களும் சரி என்போம்.

ஒருநாள் வார்டில் ஒரு வாடை. நர்ஸுகளுக்கு அது எதன் வாடை என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ ஒரு புண் கெட்டுப்போகிறது. நானும் ஜோதியும் முதல் படுக்கையிலிருந்து வேட்டை தொடங்கினோம். கட்டுப் போட்டிருந்த அத்தனை பேரையும் அவிழ்த்துப் பார்த்தோம். எல்லாப் புண்ணும் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. கட்டுப் போடாதவர்களின் போர்வையையும் விலக்கிப் பார்த்தோம். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த அம்மா, "எனக்கு வயித்துலதாம்மா வலி, காலை எதுக்கு மோந்து பாக்குறீங்க?" என்று பயந்துபோனார்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேடி. சாக்கடையா இருக்கும், நல்லாக் கழுவச் சொல்லு."

துப்புரவுப் பணியாளர் பேச்சியம்மா பினாயிலை வாளி வாளியாக ஊற்றினார். அப்போதுதான் பன்னிரண்டாம் படுக்கைக்குக் கீழே ஒரு கருவாட்டுப் பொட்டலம் சிக்கியது. நோயாளியின் தங்கை ஊரிலிருந்து பாசத்தோடு கொண்டுவந்தது. திருடனைப் பிடித்த சந்தோஷம் எங்களுக்கு. கருவாட்டை வெளியேற்றினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வார்டு மணக்க மணக்க இருந்தது. நானும் ஜோதியும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம்.

திங்கட்கிழமை வாடை திரும்பி வந்துவிட்டது.

"கருவாடு மறுபடி அட்மிஷன் ஆயிருச்சா?" என்றாள் ஜோதி. பன்னிரண்டாம் படுக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தோம். ஒன்றுமில்லை.

அன்று பகலில் சிஸ்டரோடு மருந்து அறைக்குள் போனேன். சின்ன அறை, ஏசி என்பதால் கதவை மூடிவிடுவோம். ஊசி மருந்துகளின் காலாவதித் தேதியைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே நோயாளி இல்லை, கருவாடு இல்லை, சாக்கடை இல்லை. நானும் சிஸ்டரும் மட்டும். வாடை அங்கே இருந்தது, வெளியே இருந்ததைவிட அதிகமாக. ஞாயிற்றுக்கிழமை சிஸ்டருக்கு விடுமுறை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மெல்லக் கீழே பார்த்தேன். அவருடைய வெள்ளை ஷூ ஒன்று மற்றதைவிடப் புடைத்திருந்தது.

கையிலிருந்த மருந்துப் பெட்டியை அலமாரியில் வைத்தேன். எதுவும் சொல்லாமல் வெளியே வந்து ஜோதியிடம் சொன்னேன். அவள் முகத்தில் முதன்முறையாக எல்லாக் கோடுகளும் அசைந்தன.

மத்தியானம் ஓவர் முடிந்தது. முப்பத்தொன்றாம் படுக்கைக்கு வழக்கம் போல் ஜோதி ஸ்டூலில் உட்கார வேண்டும். அவள் ஸ்டூலைக் காலால் சிஸ்டர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க சிஸ்டர். திட்டணும்."

சிஸ்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். உட்கார்ந்தார்.

"இத்தனை வருசமா எங்ககிட்ட ஓவர் வாங்குறீங்களே. நீங்க யார்கிட்ட குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"இன்சார்ஜுக்கு ஏதுடி ஓவர்? தினம் பகல் டியூட்டி. நான் போனா நாளைக்கு நானே வரப்போறேன்."

அதுதான் உண்மை. சட்டம் போட்டவருக்கே சட்டத்தில் இடமில்லை. ஓவர் கொடுப்பவர்களுக்குத்தான் ஸ்டூல். அவர் யாருக்கும் ஓவர் கொடுத்ததில்லை, ஆகவே அவரை யாரும் கேட்டதில்லை. அது எங்களில் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

"இன்னைக்குக் குடுங்க" என்றேன்.

"ஆள் நல்லா இருக்கா. சாப்பாடு நார்மல். தூக்கம் நார்மல்" என்றார் வேகமாக.

"கால்?"

ஜோதி தரையில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். சிஸ்டர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

உள்ளே கனமான கட்டு, ஒழுங்காகத்தான் சுற்றியிருந்தது. கடைசித் துணி ஒட்டியிருந்தது. நான் சலைன் ஊற்றிவிட்டு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தேன். துணி ஊற வேண்டும். நேற்று வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டேன்.

"குழம்பா?" என்றார். "ஒரு ஆளுக்கு எதுக்குடி குழம்பு? மோரை ஊத்திக்கிட்டேன்."

பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். வீட்டு வாசலில் தறிக்காரர்கள் போட்ட கம்பித் துண்டு ஏதோ காலில் ஏறியிருக்கிறது. உணர்ச்சி மரத்த கால், வலிக்கவில்லை. தரையில் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். காசு கொடுத்துக் கடையில் பஞ்சும் துணியும் வாங்கி, தானே கட்டுப் போட்டிருக்கிறார். ஆனால் தன் பாதத்தின் அடியைத் தானே குனிந்து எவ்வளவு பார்க்க முடியும்? புண்ணைப் பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே கட்டியிருக்கிறார். வாடை? தன்னோடே இருந்ததால் அவர் மூக்குக்கு அது பழகிப்போய்விட்டது. ஊரில் உள்ள கால்களையெல்லாம் முகர்ந்து பார்த்த மூக்கு அது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு வாரம் லீவு போட்டிருக்கலாம்ல?" உண்மையாகவே திட்டினேன்.

"லீவு போட்டா வீட்டுல இருக்கணும்லடி" என்றார் சிஸ்டர். "தறிச் சத்தம் இருக்குறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. அது நின்னுச்சுன்னா வீடு அம்புட்டுப் பெருசாயிருது."

துணி நழுவி வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. நானும் ஜோதியும் பார்த்துக்கொண்டோம். கால் தப்புமா என்பதுதான் இருவருக்கும் இருந்த ஒரே பயம். சிஸ்டர் எங்கள் முகத்திலிருந்தே அதைப் படித்துவிட்டார். படிக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருந்திருக்கும், இப்போது விரலோடு நிறுத்தப் பார்க்கலாம் என்றார். அன்றே அட்மிஷன். தனி அறை வேண்டாம், என் வார்டிலேயே ஒரு படுக்கை போதும் என்று சிஸ்டர் பிடிவாதம் பிடித்தார். முப்பதாம் படுக்கை காலியாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுண்டுவிரல் போனது, பாதம் தப்பியது. அந்தச் செய்தி வந்தபோது பேச்சியம்மா வார்டு நடுவில் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கை தட்டினார், நோயாளிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! என் பணிக்காலத்தில் அவரைப் போல ஒரு மோசமான நோயாளியைப் பார்த்ததில்லை. குளுக்கோஸ் சொட்டை எண்ணிப் பார்த்து, வேகம் தப்பு என்பார். எதிர்ப் படுக்கையின் விரிப்பு மூலை சரியாக மடிக்கவில்லை என்று படுத்தபடியே மாணவிகளை விரட்டுவார். தலையணைக்குக் கீழே ஒரு மிக்சர் பொட்டலம் கிடைத்தது. "சர்க்கரை இல்லையேடி, காரம்தானே" என்று என்னிடமே வாதாடினார். ஓவர் நேரத்தில் தன் படுக்கையருகே நாங்கள் அவரைப் பற்றி ஒப்பிப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாங்கள் ஒன்றை விட்டுவிட்டால், கண்ணைத் திறக்காமலே எடுத்துக் கொடுப்பார்.

ஒருநாள் ஜோதி அவரைப் பற்றிச் சொல்லி முடித்ததும், நான் அவரிடமே கேட்டேன். "வேற ஏதாச்சும் இருக்கா சிஸ்டர்?"

"வலி கம்மி. சர்க்கரை இறங்கியிருக்கு. பசி எடுக்குது. டிஸ்சார்ஜ்னு யாராச்சும் சொன்னா மட்டும் அன்னைக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். வேகமாகச் சொல்லவில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் எங்களிடம் கொடுத்த முதல் உண்மையான ஓவர் அதுதான்.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் மறுபடியும் வேலைக்கு வந்தார். வெள்ளை ஷூவுக்குப் பதில் சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற நீலச் செருப்பு. சீருடை விதிக்கு அது பொருந்தாது என்று மேலே யாரோ முணுமுணுத்தார்கள். "ஒன்பது விரலுக்கு விதி தனி" என்று அந்த ஆறடிக் குரலில் சொன்னார், அத்தோடு முணுமுணுப்பு நின்றது. இன்சார்ஜும் தினம் ஸ்டூலில் உட்கார வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினோம். நான் இன்சார்ஜ் ஆன பிறகு எனக்கும் அது பொருந்தியது. என் மூட்டுவலி, என் மகள் கல்யாணக் கவலை, என் திடீர்க் கோபங்கள் எல்லாவற்றையும் தர்ஷினி மாதிரிப் பிள்ளைகள்தான் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே தர்ஷினி, அந்த ஆப் உன்னைச் சிரித்தாயா என்று கேட்டால் பதில் போடு, தப்பில்லை. ஆனால் உன்னிடம் வாடை அடித்தால் அது முகர்ந்து பார்க்காது. அதற்கு உன் பக்கத்தில் ஒருத்தி நிற்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

அன்று காலை பயிற்சி டாக்டர் ஒருவர் வந்தார். எங்கள் வார்டுக்குப் புதிது. வீட்டில் கட்டு மாற்றுவது, காலை உயர்த்தி வைப்பது, மாத்திரை நேரம் எல்லாவற்றையும் கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் அதுதான் நடைமுறை. பாவம், அவர் அதைத்தான் கேட்டார்.

"வீட்ல கூட யாரும்மா இருப்பாங்க? அவங்களைக் கூப்பிடுங்க."

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என் பையன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றாள் ஜோதி.

"இவளுக்கு உப்புப் போடவே தெரியாது டாக்டர். நான் இருப்பேன்" என்றேன்.

"எந்தக் காலத்துக் கதையடி அது?" என்று ஜோதி என்மேல் பாய்ந்தாள்.

கதவருகே பேச்சியம்மா வாளியைக் கீழே வைத்தார். "ரெண்டு பேரும் பஸ் மாறி வரணும். நான் செல்லூர்தான், நாலு வீடு தள்ளி. என் பேரை எழுதுங்க சார்."

இருபத்தொன்பதாம் படுக்கையிலிருந்த பித்தப்பை அம்மா எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு நாளைக்கு டிஸ்சார்ஜு. சாயங்காலத்துல நானும் வாரேன்." பின்னால் நின்ற மாணவி ஒருத்தி, வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் போலக் கையைத் தூக்கினாள்.

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "ஒரு ஆள் போதும்மா" என்றார் பரிதாபமாக.

சிஸ்டரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுப் பேரும் வந்தா காப்பி எதுலடி குடுப்பேன்?" என்றார். "ஒரே ஒரு டம்ளர்தான் வெளிய இருக்கு. மத்ததையெல்லாம் அவரு போனப்பவே பரண்ல ஏத்திட்டேன். எவளாச்சும் ஏறி எடுங்க."

அன்று சாயங்காலம் ஜோதி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி எடுத்தேன்.